காற்றில் இருந்த ஈரம்

ஆகஸ்ட் 12

இன்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என் விரலைக் கடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றவாளி மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ட்ரையர்.

பல்லை அடைக்கும் முன் அதன் மேல் காற்றை ஊதிக் காயவைக்க வேண்டும். அந்தக் காற்று கம்ப்ரஸரிலிருந்து வருகிறது. நாகப்பட்டினத்துக் காற்றை அழுத்தினால் பாதிக் கடலும் சேர்ந்து வரும். அந்த ஈரத்தை எடுக்கத்தான் ட்ரையர். நாகூர் சாதிக் பாய் கடைக்கு வாங்கப் போனபோது மூன்று வகை காட்டினார். ஒன்று ஃப்ரிட்ஜ் மாதிரி. காற்றைக் குளிரவைத்து, ஈரத்தைத் தண்ணீராக்கிச் சொட்டவிடும். இன்னொன்று முடியைப் போல மெல்லிய குழாய்களின் கட்டு. காற்று குழாய்க்குள்ளே போக, ஈரம் மட்டும் அதன் சுவர் வழியாகக் கசிந்து வெளியேறும். மூன்றாவதில் இரண்டு உருளைகள், உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். ஒரு உருளை ஈரத்தை உறிஞ்சும்போது மற்றது தான் குடித்ததைக் கக்கிவிட்டு உலரும். பிறகு முறை மாறும்.

"பல்லுக்கு இதுதான் டாக்டரம்மா. மத்ததெல்லாம் காத்தைக் காயவைக்கும். இது கருவாடா ஆக்கிடும்" என்றார் பாய். நானும் மூன்றாவதை வாங்கிவந்தேன்.

பாய் சொல்லாமல் விட்டது சத்தம். உருளைகள் முறை மாற்றும்போதெல்லாம் 'புஸ்ஸ்' என்று சீறும். இன்று அது சீறிய நேரத்தில் என் விரல் தாசில்தாரின் கடைவாய்க்குள் இருந்தது. "பாம்பு!" என்று துள்ளினார். பல் பிடுங்க வந்தவருக்கு இவ்வளவு உறுதியான பல் எதற்கு என்று தெரியவில்லை.

அவர் போனதும் நானே குனிந்து பைபாஸ் வால்வின் பிடியைத் திருப்பினேன். ரிப்பேர் சமயத்துக்கென்று பாய் வைத்துக் கொடுத்த வழி அது. காற்று ட்ரையருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நேரே நாற்காலிக்கு வந்துவிடும். சத்தத்தைக் குறைக்க ஏதோ மூடி இருக்கிறதாம். பாயிடம் கேட்டு வாங்கி மாட்டும்வரை இப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று நாள்தானே.

"கோயில் மாதிரி இருக்கு மேடம்" என்றாள் என் உதவியாளர் ஜெயசுதா.

ஆகஸ்ட் 14

பாய்க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 26

கௌசிகா என்றொரு பெண்ணும் அவள் அம்மா வளர்மதியும் வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது. வெளிப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. அழகான முகம், பேச்சும் கலகலவென்று. சிரிக்கும்போது மட்டும் உதடு தானாக மூடிக்கொள்கிறது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பதினொண்ணாம் தேதி நிச்சயதார்த்தம் டாக்டரம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புன போட்டோவுல வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிச்சுது. அவங்களுக்கு இது தெரியாது. மாப்பிள்ளையோட அம்மா எதையும் ரெண்டு தடவ பாக்குறவங்க."

பல்லின் நிறத்திலேயே கட்டிக் கொடுத்தேன். ஒன்றரை மணிநேர வேலை. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் கை வைத்த இடம் எனக்கே தெரியவில்லை. கௌசிகா கண்ணாடியில் பார்த்தாள். முதலில் மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு திறந்து சிரித்தாள். ஜெயசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தன நாளு தாங்கும் டாக்டர்?"

"அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு. தைரியமா சிரி."

செப்டம்பர் 4

போன மாதம் கட்டிய இரண்டு அடைப்புகள் பெயர்ந்து வந்தன. இரண்டு பேருமே முறுக்குப் பிரியர்கள்.

செப்டம்பர் 12

இன்றைய நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

நேற்று நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை கௌசிகாவுக்கு ஒரு ஜாங்கிரி ஊட்டியிருக்கிறாள். பெண் கடித்தாள். பல் ஜாங்கிரியோடு போய்விட்டது. மிச்ச ஜாங்கிரியை அத்தை தன் வாயில் போட்டுக்கொள்ளப் போனபோதுதான் பார்த்தாளாம்.

காலையில் மூன்று பேர் வந்தார்கள். கௌசிகா, வளர்மதி, மாப்பிள்ளையின் அம்மா புனிதவதி. ஹாலில் நான்கைந்து நோயாளிகள் காத்திருந்தார்கள். புனிதவதி உட்காரவில்லை.

"பல்லு உடைஞ்சிருந்ததைச் சொல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். அது எனக்கும் சம்பந்திக்கும் உள்ள பேச்சு. நீங்க சொல்லுங்க டாக்டர். ஜாங்கிரியக் கடிச்சா பெயர்ந்துவர்ற பல்லா கட்டுவீங்க?"

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாசில்தாரும் இருந்தார்.

"வேலையில குறை இல்லம்மா" என்றேன். "சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம் இருக்கும். முன்பல்லால கடிச்சுக் கடிச்சு அடைப்பு தளர்ந்து போயிடும். அப்புறம் ஜாங்கிரியே போதும்."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று தெரியவில்லை. புனிதவதி கௌசிகாவைத் திரும்பிப் பார்த்தார். "நகம் கடிப்பியா?"

கௌசிகா "இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் சிகிச்சை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டருக்குத் தெரியாதா?" என்றாள் வளர்மதி. அவளுக்கு அந்த நேரத்தில் யாராவது ஒரு காரணம் கொடுத்தால் போதும் என்றிருந்தது. பல் உடைந்ததை மறைத்த குற்றத்திலிருந்து பேச்சு விலகிப்போனதே பெரிது.

வீட்டில் நகம் கடித்தால் தரித்திரம், அந்தப் பழக்கம் நின்றது தெரிந்த பிறகுதான் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என்று புனிதவதி சொல்லிவிட்டார். கார்த்திகையில் முகூர்த்தம் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

பல்லை மறுபடி கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வேலை நடக்கும்போது கௌசிகா கைகளை வயிற்றின் மேல் கோர்த்து வைத்திருந்தாள். மருதாணி சிவந்திருந்தது. நிச்சயத்துக்காக வளர்த்த நீளமான நகங்கள், பத்தும் ஒரே அளவு, ரோஸ் நிறப் பாலிஷ்.

செப்டம்பர் 24

இந்த வாரத்தில் இன்னும் நான்கு அடைப்புகள் பெயர்ந்துவந்தன. முறுக்கு தின்னாதவர்களும் அதில் உண்டு. பல்லில் பூசும் பசை மட்டமாக வந்திருக்க வேண்டும். கம்பெனியை மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 30

புதுப் பசையும் நிற்கவில்லை. ஜெயசுதாவைப் பிடித்துக் கத்தினேன். எச்சிலைச் சரியாக உறிஞ்சி எடுக்காமல் வேடிக்கை பார்க்கிறாள், பல் ஈரமாகிறது, அதனால்தான் எல்லாம் என்று நோயாளி முன்னாலேயே சொன்னேன். "சரிங்க மேடம்" என்றாள். சாயங்காலம் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

அக்டோபர் 13

மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் சுவரெல்லாம் வேர்த்திருக்கிறது.

வளர்மதி தனியாக வந்தாள். முந்தாநாள் பல் தேய்க்கும்போது கௌசிகாவின் பல் மறுபடியும் விழுந்துவிட்டது. முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குற்றவாளியின் தாய் மாதிரி நின்றாள்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன் டாக்டரம்மா. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். பத்து விரல்லயும் வேப்பெண்ணெய் தடவி விடுறேன், காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. அந்தக் கையோடதான் கடைக்குப் போகுது. கூட வேலை பாக்குறவங்க நாத்தம்னு தள்ளி உக்கார்றாங்களாம். அப்படியும் எப்பக் கடிக்குதுன்னு எனக்குப் புரியல."

"அவ என்ன சொல்றா?"

"கடிக்கவே இல்லன்னு அழுதுது. நான்தான் ஒரு அறை விட்டேன். டாக்டர் பொய் சொல்லுவாங்களான்னு."

நான் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடிபோட்டு வைத்தேன்.

"சம்பந்திக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மறைச்சா தப்பாயிடும்ல, முன்ன ஒருதடவ மறைச்சு பட்டது போதும். இன்னொரு தடவ விழுந்தா இந்த சம்பந்தமே வேணாம்னுட்டாங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

வியாழக்கிழமை அழைத்துவரச் சொன்னேன்.

அக்டோபர் 14

கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. காலையில் முதல் நோயாளி வரும் முன் அதைத் துடைக்கப் போனேன். அவசரத்துக்குத் துணியை விட்டுவிட்டு, காற்றுக்குழாயால் அதன் மேல் ஊதினேன். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

துணியால் துடைத்து மறுபடி ஊதினேன். மறுபடியும் தண்ணீர்.

காயவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் ஒவ்வொரு பல்லின் மேலும் ஈரத்தை ஊதியிருக்கிறேன். ஈரத்தின் மேல் எந்தப் பசை நிற்கும்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் வர வேண்டியதில்லை. இரண்டாம் வருடத்திலேயே படித்தது.

மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்தேன். வால்வின் பிடி நான் ஆகஸ்டில் திருப்பிவிட்ட மாதிரியே இருந்தது. அதன் மேல் ஒரு எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது.

பிடியைத் திருப்பினேன். கம்ப்ரஸர் தொட்டியின் அடித் திருகைத் திறந்துவிட்டேன். டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு குடம் அளவுக்கு வந்தது. குழாயில் நின்ற ஈரமெல்லாம் போகும்வரை ஊதவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 'புஸ்ஸ்' என்றது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

"சத்தம் திரும்ப வருது மேடம்" என்றாள் ஜெயசுதா.

"சின்ன ரிப்பேர். சரிபண்ணிட்டேன்" என்றேன்.

அக்டோபர் 16

கௌசிகா வந்தாள். மூன்றாம் முறையாகக் கட்டினேன். இந்தத் தடவை காற்று காய்ந்த காற்று. இனி இந்தப் பல் விழாது. எனக்குத் தெரியும்.

வேப்பெண்ணெய் நாற்றம் அறை முழுக்க. அவள் கையை நாற்காலிக்குக் கீழே தொங்கவிட்டிருந்தாள். என் மேல் நாற்றம் படக் கூடாதாம்.

முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "டாக்டர், நான் யோசிச்சுப் பார்த்தேன். முழிச்சிருக்கும்போது கடிக்கல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்ப தூக்கத்துலதான் கடிக்கிறேன்போல. ரெண்டு கையிலயும் சாக்ஸ் போட்டுக்கிட்டுப் படுக்குறேன். அது போதுமா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன்.

"போதும்" என்றேன்.

அக்டோபர் 17

சொல்லாமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல் விழப் போவதில்லை. வேப்பெண்ணெயால் பழக்கம் நின்றது என்று நினைத்துக்கொள்வார்கள். பத்திரிகை அடிப்பார்கள், கல்யாணம் நடக்கும். நான் வாயைத் திறந்தால் இந்த ஊரில் யார் என்னிடம் வாயைத் திறப்பார்கள்? நன்றாகத்தான் போட்டேன் கணக்கு.

அக்டோபர் 18

கௌசிகா வீட்டுக்குப் போன் செய்யவில்லை. மழை.

அக்டோபர் 19

மழை இல்லை. போனும் செய்யவில்லை.

அக்டோபர் 25

ஆகஸ்ட் பாதியிலிருந்து அடைப்பு கட்டியவர்களையெல்லாம் கூப்பிடச் சொன்னேன். புதிதாக நல்ல மருந்து வந்திருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இலவசமாகக் கட்டித்தருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஜெயசுதா ஒவ்வொருவராகப் போன் செய்தாள்.

செப்டம்பரில் பல் அடைத்துக்கொண்ட தாசில்தார் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு டாக்டரா? தங்கமான மனசு" என்று ஹாலில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். பழத்தை ஜெயசுதாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் வேண்டாம் என்றாள். நான் கத்தியதை அவள் இன்னும் மறக்கவில்லை. நானும் மன்னிப்பு கேட்கவில்லை.

நவம்பர் 5

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் புனிதவதி வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, அதன் மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. ஹால் நிறைந்திருந்தது. இந்த முறை அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொந்தத்துக்கு அப்புறம் முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் டாக்டர். நீங்க மட்டும் அன்னிக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லலன்னா அந்தப் பழக்கத்தோடயே பொண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கும். இப்ப நின்னுருச்சு. பல்லும் நின்னுருச்சு. அன்னிக்கு நான் கொஞ்சம் கோவமாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்பு கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வைதிருந்தால் இன்னும் ஒரு வருடம்கூடச் சமாளித்திருப்பேன்.

"அந்தப் பொண்ணு நகம் கடிக்கல" என்றேன்.

"அதான் சொல்றேனே, இப்ப நின்னுருச்சு."

"எப்பவுமே கடிக்கலம்மா. நான் பொய் சொன்னேன்."

மாடிப்படிக்குக் கீழே அப்போது பார்த்து 'புஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தம் எதற்கு, அதை நான் ஏன் நிறுத்தினேன், நிறுத்தியதால் காற்றில் ஈரம் வந்து எல்லோருடைய அடைப்பும் எப்படி விழுந்தது என்று முழுவதையும் சொன்னேன். தாசில்தார் இருந்தார். ஜெயசுதா கதவோரம் நின்றாள். "எச்சிலும் காரணம் இல்ல, ஜெயசுதாவும் காரணம் இல்ல" என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். புது மருந்து என்று எதுவும் வரவில்லை என்பதையும்.

புனிதவதி தட்டை மடியில் இறக்கி வைத்தார்.

"அப்ப அது கடிக்கலன்னு சொன்னது நிஜம்."

"நிஜம்."

"அன்னிக்கு அது கை உங்க முன்னாலதான இருந்துது? நகத்தைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். நீளமா, நல்லா இருந்தது."

அவர் எழுந்தார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். தட்டை மேசையில் வைத்தார்.

"பேரு எழுதிட்டேன், திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா நல்லாருக்காது. கல்யாணத்துக்கு வாங்க. ஆனா அதுக்கு முன்ன அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னது பத்தாது. நானும் போயி ஒரு வார்த்தை சொல்லணும். கடிப்பியான்னு கேட்டப்ப இல்லன்னு சொல்லுச்சு. நான் நம்பல."

மூன்று நோயாளிகள் எழுந்து போனார்கள். தாசில்தார் போகவில்லை. "என் விரலைச் சேர்த்து மூணு பேருகிட்ட மன்னிப்பு கேக்கணும் நீங்க" என்றார். விரல் என்னுடையது, கடித்தது அவர். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

நவம்பர் 6

காலையிலேயே கௌசிகா வீட்டுக்குப் போனேன். வளர்மதி டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

கௌசிகா கேட்டாள். "நான் கடிக்கலையா?"

"கடிக்கல."

"தூக்கத்துலகூட?"

"தூக்கத்துலகூட இல்ல."

அவள் அழவில்லை. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்ட வெட்டியதில் நுனியெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு முதல்ல தெரிஞ்சிருந்துது டாக்டர். அப்புறம் தெரியாமப் போயிடுச்சு" என்றாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்ல வேண்டும் என நான் எதிர்பார்த்ததே அசிங்கம்.

வளர்மதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அலமாரியிலிருந்து வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சாக்கடையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மகளின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மகளை அவள் அறைந்த கை எது என்று எனக்குத் தெரியாது. காப்பியை யாரும் குடிக்கவில்லை.

நவம்பர் 7

ஜெயசுதாவிடம் தனியாகவும் மன்னிப்பு கேட்டேன். "நேத்தே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்களே மேடம்" என்றாள். "முந்தாநாள்" என்று திருத்தப்போய் நிறுத்திக்கொண்டேன். சாதிக் பாய்க்குப் போன் செய்தேன். சத்தத்தைக் குறைக்கிற மூடி அவரிடம் எப்போதுமே இருந்ததாம். விலை ஒரு அடைப்புக்கு நான் வாங்குகிற காசில் பாதிகூட இல்லை. வேண்டாம் என்றேன். சத்தம் கேட்கட்டும். சீறுகிற வரைக்கும் வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 27

கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஊரில் பாதிப் பேருக்குக் கதை தெரியும். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பேசினார்கள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

புனிதவதி வந்து கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போனார். இலையில் ஜாங்கிரி வைத்தார்கள். மேடையில் மாப்பிள்ளையின் அத்தை கௌசிகாவுக்கு ஒன்றை ஊட்டினாளாம். தைரியமாகக் கடித்தாளாம். பல் அசையவில்லை. பக்கத்து இலைக்காரர் என்னிடம் சொன்னார், என்னை யார் என்று தெரியாமல்.

போட்டோவுக்கு வரிசையில் நின்று மேடை ஏறினேன். கௌசிகா என்னைப் பார்த்து "வாங்க டாக்டர்" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை ஏதோ காதில் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு. நான் கட்டிய பல் தெரியும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிரிப்பு வந்ததும் அவள் கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. மூடும் முன் மூக்குக்கு நேரே ஒரு கணம் நின்றது, வேப்பெண்ணெய் நாற்றம் இன்னும் இருக்கிறதா என்று அவள் முகர்ந்து பார்க்க. போட்டோகிராஃபர் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அடுத்த சிரிப்புக்கு மறுபடியும் போனது.